10 கோடி ரூபாய் கேட்ட ஜேட்லி... மன்னிப்பு கேட்ட கெஜ்ரிவால்! - பதில் கிடைக்காத ஒரு கேள்வி

ஒரு தலைவர் மைக்கைப் பிடித்து, இன்னொருவரின் பெயரைச் சொல்லி ஊழல் புகார் வாசிப்பார். அந்த இன்னொருவர், "கோர்ட்டில் சந்திக்கிறேன்" என்பார். அடுத்த வாரமே இரண்டு தரப்பும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். அரசியலில் அடிக்கடி நடக்கும் காட்சிதான் இது. ஆனால், 2015 டிசம்பரில் டெல்லியில் கிளம்பிய சண்டை அப்படி ஓயவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேல் கோர்ட்டில் இழுத்தது.

அப்போது அருண் ஜேட்லி மத்திய நிதியமைச்சர். அரவிந்த் கெஜ்ரிவால் டெல்லி முதல்வர். டிசம்பர் 15-ம் தேதி, முதல்வரின் முதன்மைச் செயலாளர் அலுவலகத்தில் சி.பி.ஐ சோதனை நடத்தியது. டெல்லி கிரிக்கெட் சங்கம் தொடர்பான ஃபைலைத் தேடித்தான் சி.பி.ஐ வந்தது என்று கொதித்தார் கெஜ்ரிவால். அந்தச் சங்கத்துக்கு 2013 வரை பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ஜேட்லி. அவரது காலத்தில் நிதி முறைகேடுகள் நடந்தன, ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தைப் புதுப்பித்ததிலும் முறைகேடு நடந்தது என்று ஆம் ஆத்மி தலைவர்கள் வரிசையாகப் புகார் சொன்னார்கள். அத்தனையையும் மறுத்தார் ஜேட்லி.

மறுப்போடு நிற்கவில்லை. டிசம்பர் 21-ம் தேதி, கெஜ்ரிவால் உட்பட ஆறு பேர் மீது இரண்டு வழக்குகளைத் தொடுத்தார்.

ஒரு பேச்சு... இரண்டு வழக்குகள்!

ஒரே பேச்சுக்கு எப்படி இரண்டு வழக்குகள்? நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 'என் பெயர் கெட்டது, நஷ்டஈடு கொடு' என்று கேட்பது சிவில் வழக்கு. மானநஷ்ட வழக்கு என்பது இதைத்தான். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜேட்லி கேட்ட தொகை, 10 கோடி ரூபாய். இன்னொன்று, அவதூறு செய்தவருக்குத் தண்டனை கேட்கும் கிரிமினல் வழக்கு. அது பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டுக்குப் போனது. இதில் குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500-வது பிரிவுகள். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. புதிய சட்டத்தில் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

'நான் சொன்னது உண்மை' என்று வாதாடலாம். ஆனால், அதை நிரூபிக்க வேண்டியது சொன்னவரின் பொறுப்பு. கிரிமினல் வழக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். அவதூறைக் கிரிமினல் குற்றமாக்கும் சட்டமே செல்லாது என்று சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, கெஜ்ரிவால் ஆகியோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2016 மே மாதம், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

வக்கீல் சொன்ன ஒரு வார்த்தை

சிவில் வழக்கில் ஜேட்லியே சாட்சிக் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை செய்தவர், கெஜ்ரிவாலின் வக்கீல் ராம் ஜெத்மலானி. 2017 மே மாதம் நடந்த விசாரணையில், ஜேட்லியைப் பார்த்து, 'மோசடிப் பேர்வழி' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையைப் பயன்படுத்தினார் ஜெத்மலானி. இது உங்கள் வார்த்தையா, உங்கள் கட்சிக்காரர் சொல்லச் சொன்னதா என்று கேட்டார் ஜேட்லி. கட்சிக்காரர் சொன்னதுதான் என்றார் வக்கீல்.

விளைவு, இன்னொரு 10 கோடி ரூபாய் வழக்கு! தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் கெஜ்ரிவால். கோபத்தில் வழக்கிலிருந்தே விலகிய ஜெத்மலானி, 2 கோடி ரூபாய்க்கு மேல் ஃபீஸ் பாக்கி கேட்டார். அதற்கு முன்பே, அவரது ஃபீஸை டெல்லி அரசின் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்ற சர்ச்சையும் வெடித்திருந்தது.

வரிசையாக மன்னிப்பு

2018 மார்ச்சில் காட்சி மாறியது. போதைப்பொருள் கடத்தலில் தொடர்பு என்று தான் குற்றம்சாட்டிய பஞ்சாபின் பிக்ரம் சிங் மஜித்தியாவிடம் மன்னிப்பு கேட்டார் கெஜ்ரிவால். அடுத்து நிதின் கட்கரி. 2014-ல் இதே கட்கரி தொடுத்த வழக்கில், 10,000 ரூபாய் ஜாமீன் பத்திரம் கொடுக்க மறுத்து திகார் சிறைக்கே போனவர் கெஜ்ரிவால்! ஏப்ரலில், ஜேட்லிக்கும் மன்னிப்புக் கடிதம் போனது. சிலர் கொடுத்த தகவலை நம்பிப் பேசியதாகவும், அது ஆதாரமற்றது என்று பிறகு தெரிந்ததாகவும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஜேட்லி ஏற்றுக்கொண்டார். உடன் கையெழுத்துப் போடாமல் நின்ற குமார் விஸ்வாஸும் அடுத்த மாதம் சமரசமானார்.

வழக்குகளுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தால் மக்கள் வேலையைப் பார்க்க முடியாது என்று விளக்கம் சொன்னது ஆம் ஆத்மி. ஆனால், அந்தப் புகார்களை நம்பி வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. மஜித்தியாவிடம் கேட்ட மன்னிப்பைக் கண்டித்து, பஞ்சாப் மாநிலத் தலைவர் பதவியையே ராஜினாமா செய்தார் பகவந்த் மான்.

பொதுமக்களுக்கு என்ன மிச்சம்? டெல்லி கிரிக்கெட் சங்கத்தில் முறைகேடு நடந்ததா, இல்லையா என்ற கேள்விக்கு இந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை. புகார் பொய் என்றால், ஜேட்லிக்கு இரண்டு வருட மன உளைச்சலுக்குப் பிறகு ஒரு கடிதம் கிடைத்தது. புகாரில் உண்மை இருந்திருந்தால், அது அந்தக் கடிதத்தோடு புதைந்துபோனது. 2019 ஆகஸ்ட்டில் ஜேட்லியும், செப்டம்பரில் ஜெத்மலானியும் காலமானார்கள். அந்தக் கோட்லா மைதானத்துக்கு இன்று 'அருண் ஜேட்லி ஸ்டேடியம்' என்று பெயர்.

வாட்ஸ்அப் குரூப்புக்கும் பொருந்தும்

இது பெரிய இடத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 'எங்கள் கவுன்சிலர் ரோடு கான்ட்ராக்ட்டில் இவ்வளவு அடித்தார்' என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுபவருக்கும் இதே சட்டம்தான். மானநஷ்ட வழக்கு போட ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்குள் நோட்டீஸ் வந்தால், 'எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்' என்ற பதில் கோர்ட்டில் எடுபடாது.

அதற்காக முறைகேட்டைக் கண்டும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று அதே சட்டப் பிரிவே விதிவிலக்கு தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு ரோடு கான்ட்ராக்ட் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். அந்தக் காகிதத்தோடு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாம். குரூப்பில் கிடைக்கும் கைதட்டல் அதில் கிடைக்காது. ஆனால், கேட்ட கேள்விக்கு ஒருநாள் பதில் வர அதில்தான் வாய்ப்பு அதிகம்.