நம் வீட்டுச் சாரத்தில் நிற்பவர்



தை பிறந்ததும் வீட்டு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பேங்க் லோன், பிளான் அப்ரூவல், வாஸ்து, சதுர அடிக்கு என்ன ரேட், எந்த சிமென்ட், எந்தக் கம்பி என்று வீட்டில் ஓயாமல் பேச்சு நடந்துகொண்டிருக்கும். இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. இந்த வீடு எழும்பி முடிகிறவரை இதில் வேலை செய்கிற யாருக்கும் எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்?

மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று நாம் இருக்கிறோம். இன்ஜினீயர் இருக்கிறாரே என்று மேஸ்திரி இருக்கிறார். இன்ஜினீயர் தளம் போடுகிற அன்றைக்கு வந்து கம்பியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். சாரத்தில் நிற்கும் கொத்தனாரிடம் கேட்டால், "இத்தனை வருஷமா இப்படித்தான் சார் ஏறுறோம், ஒண்ணும் ஆகாது" என்பார். ஒன்றும் ஆகாதவர்கள்தானே நம்மிடம் அப்படிச் சொல்ல முடியும்?

2014 ஜூன் 28, சனிக்கிழமை. சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். நாடே அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு அடுக்குமாடியை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த ஃபிளாட்டுகளுக்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வேலை செய்கிறவருக்குப் பாதுகாப்பில்லாமல் எழும்புகிற கட்டடம், குடியேறப் போகிறவருக்கும் பாதுகாப்பானதல்ல. இதைப் புரிந்துகொள்ள நாம் இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

மௌலிவாக்கம் முதல் பக்கச் செய்தி. ஆனால் சாரம் முறிந்து விழுந்த கொத்தனார், தொட்டிக்குள் மூச்சடைத்துப் போன சென்ட்ரிங் தொழிலாளி, கம்பியைத் தூக்கும்போது மின்சாரம் பாய்ந்த இளைஞர் எல்லாம் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோகிறார்கள். பெரும்பாலும் அவை நம் வீடுகளைப் போன்ற வீடுகளில் நடக்கின்றன.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1980-களில் தொழிற்சங்கங்கள், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் போன்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, கட்டடத் தொழிலாளிக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று இயக்கம் நடத்தின. தமிழ்நாட்டின் சங்கங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த உழைப்பின் பலனாக 1996-ல் மத்திய அரசின் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. உயரத்தில் வேலை செய்பவருக்கு பெல்ட், தலைக்கு ஹெல்மெட், உறுதியான சாரம், குடிநீர், கழிவறை, முதலுதவி, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் என்று நியாயமான பல விஷயங்களை அது கட்டாயமாக்கியது.

ஆனால் அந்தச் சட்டம் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தைத் தொடவில்லை. ஒருவர் தான் குடியிருக்க 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீட்டையும் விட்டுவிட்டது. இப்போது அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கி, 2020-ல் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிலும் 10 பேர் கணக்கு அப்படியே இருக்கிறது. சொந்த வீட்டுக்கான வரம்பு மட்டும் 50 லட்சமாகிவிட்டது.

நம் ஊரில் ஆயிரம் சதுர அடியில் ஒரு வீடு கட்ட என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் நாம் கட்டுகிற வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

இந்த விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். லோன் வாங்கி வீடு கட்டும் ஒரு பள்ளி ஆசிரியரை, பதிவேடு வை, ரிட்டர்ன் தாக்கல் செய் என்று அலைக்கழிக்கக் கூடாது. அந்த விலக்கு நியாயம். ஆனால் சாரமும் ஹெல்மெட்டும் தொட்டிக்குள் காற்றும் காகித வேலை அல்லவே? இரண்டாவது மாடியிலிருந்து விழுகிறவருக்கு அந்த வீட்டின் மதிப்பு 40 லட்சமா 60 லட்சமா என்பதால் அடி கூடவோ குறையவோ போவதில்லை. அடிப்படைப் பாதுகாப்புக்கு வரம்பே கூடாது. பிளான் அப்ரூவல் தரும்போதே அதை ஒரு நிபந்தனையாக அரசு சேர்க்கலாம். சேர்க்க வேண்டும்.

அதுவரை? நாம்தான்.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு எதையும் நீங்கள் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி அல்லது செப்டிக் டேங்க். மேல்தளம் போட்டாயிற்று, மூடியும் வைத்தாயிற்று. சில வாரங்கள் கழித்து சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் உள்ளே இறங்குகிறார். இறங்கியவரிடமிருந்து சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இன்னொருவர் இறங்குகிறார். அவரும் சாய்கிறார். பல நேரங்களில் காப்பாற்றப் போனவர்களும் சேர்த்தே சாகிறார்கள். தமிழ்நாட்டில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இது புதுத் தொட்டி, சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட விழவில்லை, பிறகு எங்கிருந்து விஷவாயு வந்தது என்று வீட்டுக்காரர்கள் திகைத்துப் போகிறார்கள். பிரச்சினை வாயுவால் மட்டும் வருவதல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் தேங்கிய நீர், ஊறி அழுகும் பலகை, அதில் வளரும் கிருமிகள், துருப்பிடிக்கும் இரும்பு எல்லாம் சேர்ந்து அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு வாடை கிடையாது, நிறமும் கிடையாது. ஆக்சிஜன் 6 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பலாம். கத்தக்கூட நேரம் இருக்காது.

ஆகவே பலகை பிரிக்கும் நாளை மேஸ்திரி உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே எல்லா மூடிகளையும் திறக்கச் சொல்லுங்கள். பிளோயர் வாடகைக்குக் கிடைக்கும். குழாயை அடிவரை இறக்கி நல்ல காற்றை ஊதச் சொல்லுங்கள். ஆள் உள்ளே இருக்கும் வரை பிளோயர் ஓடட்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறும், மேலே அதைப் பிடித்தபடி ஆளும் இருக்கட்டும். தண்ணீரை இறைக்க டீசல் இன்ஜினையோ பெட்ரோல் இன்ஜினையோ தொட்டிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை ஒன்றே போதும் ஆளைக் கொல்ல. மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் செப்டிக் டேங்காக இருந்தால் அந்தத் தீயே வெடிப்புக்குக் காரணமாகலாம். யாராவது உள்ளே சாய்ந்துவிட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் பின்னால் இறங்க விடாதீர்கள். காற்றை ஊதிக்கொண்டே 112-க்கு அழையுங்கள்.

பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. இங்கே சட்டம் நம் வாசலுக்கே வருகிறது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரை அதற்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் காலத்தில் மனிதரை இறக்க வேண்டிய தேவை என்ன?

அடுத்தது மின்சாரம். கட்டடக் கம்பி பொதுவாக 40 அடி நீளத்தில் வருகிறது. அதை அப்படியே மாடிக்குத் தூக்கும்போது தெருவில் போகும் மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும்? உங்கள் மனைக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று அஸ்திவாரம் தோண்டும் முன்பே பாருங்கள். தேவையென்றால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை மாற்றச் சொல்லுங்கள். அலைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் குச்சி வைத்துச் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். வீடு முடிந்த பிறகு நம் பிள்ளைகளுக்காக வைக்கப்போகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), வேலை தொடங்கும் நாளிலேயே தற்காலிக இணைப்பில் பொருத்திவிட்டால் என்ன?

சாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுக்குக் கட்டை உளுத்திருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா, நிற்கும் பலகை இரண்டு கால் வைக்கிற அளவுக்காவது அகலமா, ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதும். மழை பெய்த மறுநாள் யாரும் ஏறும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் விட்ட ஓட்டைகளைக் கட்டையால் மறித்து வையுங்கள். ஹெல்மெட்டும் பெல்ட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்கிக் கொடுங்கள். வரவேற்பறையில் தொங்கவிடப் போகும் விளக்கின் விலைகூட ஆகாது.

'வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்களே' என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான். வெயிலில் ஹெல்மெட் வேர்க்கும், பெல்ட் போட்டால் வேலை மெதுவாகும். காண்ட்ராக்ட் பேசி வேலை செய்பவருக்கு மெதுவாவது என்றால் கூலி குறைவது. அதனால்தான் ரேட் பேசும்போதே இதையும் பேச வேண்டும் என்கிறேன். சதுர அடிக்குப் பத்து ரூபாயைக் குறைக்க நாம் கறாராகப் பேசுகிறோம். அந்தப் பத்து ரூபாய் எதிலிருந்து குறைகிறது? சிமென்டிலும் கம்பியிலும் குறைக்க விடமாட்டோம். மிஞ்சியிருப்பது ஆட்களும் சாரமும்தானே?

இன்னொன்று, நாம் பேசக் கூச்சப்படுவது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் சித்தாள் பெண்கள் பகல் முழுக்க எங்கே ஒதுங்குகிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? இடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில், தலையில் ஜல்லிக் கூடையோடு. அப்புறம் சிறுநீர்த் தொற்று, கல், மயக்கம். நான்கு தகரத்தால் மறைத்து ஒரு தற்காலிகக் கழிவறை கட்ட ஒரு நாள் வேலைதான். ஈரச் சிமென்டில் வெறும் கையும் காலுமாக நிற்பதால் வரும் புண்ணும் அரிப்பும் அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தொடரக்கூடியவை. சிமென்டின் காரத்தன்மை தோலைப் பொசுக்கும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் கலவையில் இறங்க விடாதீர்கள்.

பிளான் அப்ரூவலின்போது தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகையை உங்களில் பலர் கட்டியிருப்பீர்கள். அந்தப் பணம் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994-லேயே, மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே அமைந்தது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமாக, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு என்று உதவிகள் உண்டு. ஆனால் நாடு முழுக்க இப்படி வசூலான பணம் முழுதும் தொழிலாளியைச் சேரவில்லை. 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, சுமார் 9,500 கோடி மட்டுமே செலவாகியிருக்கிறது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

நாம் கட்டிய பணம், நம் வீட்டைக் கட்டியவரின் பிள்ளைக்குப் போகாமல் கணக்கில் தூங்குவது சரியா? உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 18 வயதிலிருந்து 60 வயது வரை பதிவு செய்யலாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு இங்கே கேட்க நாதி இல்லை, மொழியும் தெரியாது.

கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, முதல் பந்தியில் உட்காரவைக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மரியாதையை அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே தொடங்குவோம்.

இந்த ஆண்டு வீடு கட்டப் போகிறவர்கள், மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத் தாளில் ஹெல்மெட், பெல்ட், சாரம், கழிவறை, தொட்டிக்கு பிளோயர் ஆகிய ஐந்தையும் எழுதிச் சேருங்கள். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள், கட்டப் போகும் உறவினரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மேஸ்திரி என்ன சொன்னார், எதற்கு ஒத்துக்கொண்டார், எதில் தகராறு வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்