பூஜையும் பிரேக்கும்

ஆயுதபூஜையன்று வாகனத்தைத் துலக்கி, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் நாம் காட்டும் சிரத்தையில் கால்பங்கையேனும், அவ்வாகனத்தை நிறுத்துகிற பிரேக் பேடின்மீது காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. ஆயினும் பேட் முற்றும் தேய்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அராவத் தொடங்கியபின், எந்த மின்னணு சாதனமும் உராய்வை உற்பத்தி செய்துவிடாது.

பரிசோதனையோ அற்ப சிரமம். காலிப்பரின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கையில், பேடில் வெட்டியுள்ள பள்ளம் மறைந்திருந்தாலும், உராய்வுப் பகுதியின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகக் குறைந்திருந்தாலும், இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுவதே உசிதம். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருப்பின் பெரும்பாலும் குற்றம் பேடினுடையதன்று. பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கி நகரும் கம்பியோ இறுகியிருக்கும். இதைக் கண்டு சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

புதிய பேட் கனமானதாகையால் பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். அப்போது மேலேறும் பிரேக் ஆயில் வழிந்தால் டேங்க்கின் வர்ணம் பாழ். வேலை முடிந்ததும் லீவர் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்தாமல் வண்டியைத் தெருவில் இறக்குவது விபரீதம். முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது.

கழற்றிய பேடைக் காட்டாமலே பில் எழுதும் வழக்கத்தைப் பட்டறைகள் கைவிடவேண்டும். காட்டச் சொன்னால் முகம் சுளிக்கும் பட்டறையில், ஆயில் மாற்றக்கூட நான் வண்டியை விடமாட்டேன்.