ரெண்டு குறிக்கு இவ்வளவு சண்டையா?

ஃபைல் பெயரில் இடைவெளி விட்டால் போனில் ஒரு பிரச்னையும் இல்லை. லினக்ஸில் கட்டளைகளை டைப் செய்து வேலை வாங்குபவர்களுக்கோ அது பெரிய வில்லங்கம்!

ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட, அங்கே “எல்எஸ்” என்று ஒரு கட்டளை. அது “பாட்டி போட்டோ” என்று காட்டினால், ஒரே ஃபைலா, இரண்டா? அந்தப் பெயரை அப்படியே அழிக்கும் கட்டளையில் போட்டால், கம்ப்யூட்டர் இரண்டு பெயர்களாகத்தான் படிக்கும். “பாட்டி” என்று வேறொரு ஃபைல் இருந்தால் அது காலி. குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

2016 ஜனவரியில் வந்த குனூ கோர்யூட்டில்ஸ் 8.25 இதற்கு ஒரு வழி செய்தது. இப்படிச் சிக்கல் தரும் பெயர்களை மட்டும் 'பாட்டி போட்டோ' என்று ஒற்றை மேற்கோள் குறிக்குள் காட்டியது. அவ்வளவுதான், பழகிய திரையில் ஏன் கை வைத்தீர்கள் என்று பலர் கொதித்துவிட்டார்கள்.

கோபத்தில் நியாயம் உண்டு. கேட்காமல் மாற்றினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால், ஃபைலின் பெயர் மாறவில்லை. பட்டியலை வேறு புரோகிராமுக்கு அனுப்பினால் குறி இல்லாமல்தான் போகும். பிடிக்காதவர்கள் அதை நிறுத்திவைக்கவும் வசதி உண்டு.

என் ஓட்டு குறிக்குத்தான். உறுத்தல் நாலு நாளில் பழகிவிடும். பேக்கப் இல்லாத பாட்டி போட்டோ போனால் போனதுதான்.

அதுவரை, பெயரில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். சண்டையே வராது!