மலைப்பாதைக்கு ஏற்ற கூப்பே எது?

ஒன்பது சிகரங்களைக் குறிக்கும் பெயரைத் தாங்கி நிற்கும் நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீற்றர். அதன் சரிவுகளில் வளைந்து செல்லும் பாதைகளைக் கண்டு வளர்ந்த இளைஞனுக்கு, பழைய ஜப்பானிய கூப்பே ஒன்றை வாங்கித் திருத்தி ஓட்டவேண்டுமென்ற ஆசை எழுவதில் வியப்பில்லை. கூப்பே என்பது இரு கதவுகளும் தாழ்ந்த கூரையும் உடைய கார். உழைக்கத் தொடங்கிய மாணவர்கள், "எதை வாங்கலாம், சேர்?" என்று வினவுகின்றனர். குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இதிற் கரையக்கூடுமாதலால், பெற்றோரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. எனினும், பல்லாண்டு பழைமையான கார்களை இறக்க அனுமதியில்லை. ஆகவே, முன்னரே இந்நாட்டுக்கு வந்து பலர் கைமாறியவற்றுள் ஒன்றையே நாம் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, 1983 முதல் 1987 வரை வெளிவந்த டொயோட்டா ஏஇ86. 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையாற் புகழ்பெற்ற இதனைப் பின்சக்கரங்களே உந்துகின்றன. கதையில் அது மலைப்பாதையை வென்றது உண்மையே. ஆனால் இன்று அதன் வயது ஏறக்குறைய நாற்பது. இரண்டாவது, நிசான் சில்வியா போன்ற டர்போ வண்டிகளும் மஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற சுழல் எஞ்சின் வண்டிகளும். ஆற்றல் மிகுதி, வெப்பமும் பராமரிப்புச் செலவும் அவ்வாறே மிகுதி. மூன்றாவது, ஹொண்டா இன்டெக்ரா போன்ற முன்சக்கர வண்டிகள்.

நமது பாதைகளுக்கு மூன்றாவதே தக்கது என்பது என் கருத்து. ஈரமான வளைவில் அவசரப்பட்டு அக்ஸிலரேற்றரை மிதித்தால், பின்சக்கர வண்டியின் வாற்பக்கம் சுழன்றுவிடும். முன்சக்கர வண்டியோ வளைவை விட்டு வெளிப்புறம் நகரும். காலை மெல்லத் தளர்த்தினாற் பெரும்பாலும் வழிக்கு வரும். பழகாத கைக்கு இவ்வேறுபாடு உயிரளவு பெரிது. அதிலும், பிறர் பாதி திருத்திக் கைவிட்டதை விடுத்து, தொழிற்சாலையில் அமைந்தபடியே உள்ளதைத் தேடுக. எஞ்சினை மாற்றலாம், அடியில் துருவேறி ஒட்டுப்போட்ட உடலை மாற்றல் அரிது. செசி, எஞ்சின் இலக்கங்கள் பதிவுச் சான்றிதழோடு ஒத்துள்ளனவா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்த்தல் வேண்டும்.

இனி, திருத்தம். எல்லோரும் முதலில் எஞ்சினையே நாடுகின்றனர். மலைநாட்டிலோ முதற்பணம் பிறேக்குக்கும் டயருக்கும் உரியது. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, பதினைந்து லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. தாழ்ந்த கியரின் துணையின்றி இறங்கினால், அதன் பெரும்பகுதியைப் பிறேக்கே தாங்கவேண்டும். டொட் 4 வகைப் பிறேக் எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்துக் குமிழி எழுந்தாற் கால் அழுந்தும், வண்டி நில்லாது. பிறேக்கின் பின் டயர், அதிர்வு தாங்கி, றேடியேற்றர், எஞ்சின் இறுதியில். உரத்து முழங்கும் சைலன்சர் வேண்டவே வேண்டாம். பாதையோர லயன்களிற் குழந்தைகள் உறங்குகின்றனர்.

ஓட்டப் பந்தயத்தில் ஆசையுள்ளோர் அதற்கென அமைந்த திடலுக்கே செல்லல் வேண்டும். அங்கும் ஆபத்து நீங்கியதன்று. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவ பொக்ஸ்ஹில் போட்டியில் தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளரிடையே பாய்ந்து எழுவர் உயிரைப் பறித்தது. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. கண்காணிப்போடு நடந்த திடலிலேயே இவ்வாறெனில், பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் ஓரமாய் நடக்கும் பொதுப்பாதையைப் பந்தயத் திடலாக்கல் தகுமா?

காரை விரும்புவது குற்றமன்று. அதனை ஆராய்ந்து வாங்கி, தன் கையாற் செம்மைப்படுத்துவதும் ஒரு கல்வியே. ஆனால் அக்கல்வியின் முதற்பாடம், வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தக் கற்றல்.