கைப்பேசி எண்ணும் கைவிட்ட சட்டமும்

கனகம்மாசத்திரம் போன்ற சிற்றூர்களிலும், கணினியில் ரசீது போடும் கடைகள் முதலில் கேட்பது கைப்பேசி எண்ணைத்தான். கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது. எண்தானே என்று நாமும் சொல்லிவிடுகிறோம். வங்கிக் கணக்கும் ஆதாரும் அதே எண்ணில்தான் இணைந்துள்ளன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. தொகை பெரிதுதான். ஆனால், அது முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்கே செல்லும். பணத்தை இழந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் நீக்க இச்சட்டம் வகைசெய்கிறது. நட்டம் ஒருவருக்கு, ஈடு இன்னொருவருக்கு என்பது எந்தப் பொருளியல்?

அப்பிரிவை நாடாளுமன்றம் காப்பாற்ற வேண்டும். அதுவரை, எண் தராமலே ரசீது கேட்போம்.