சம்பள நாளில் சாய்ந்த பிணங்கள்

காலரா என்றால் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். கொலை என்றால்? காக்கிச் சட்டை, கைவிலங்கு, கூண்டு, தூக்குமேடை! அதற்கப்பால் நம் எண்ணம் செல்வதில்லை. சென்றது ஓர் ஊரில். தென்னமெரிக்கக் கண்டத்தின் கொலம்பியா நாட்டிலே காலி என்றொரு மாநகர். (காலிகளைச் சொல்லவில்லை, தோழர்களே, ஊரின் பெயரே அதுதான்!)

1983-இல் அங்கே ஆண்டுக்கு இலட்சம் பேரில் 23 பேர் கொலையுண்டனர். பத்தே ஆண்டுகளில் அது 90 அளவுக்கு ஏறிற்று. "போதைமருந்துக் கும்பல்களின் சண்டை, யாரால் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரித்தனர் பெரியோர். தலையெழுத்து என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1992-இல் மேயரானார் ரோட்ரிகோ குரேரோ. நோய் பரவும் விதத்தை ஆராய்ந்து பட்டம் பெற்ற மருத்துவர். அவர் முதலில் எண்ணச் சொன்னார். போலீசாரிடம் ஒரு கணக்கு, பிணஅறையில் வேறொரு கணக்கு! வாரந்தோறும் இருவரையும் உட்காரவைத்து ஒரே கணக்காக்கினார். எந்தக் கிழமை? எந்த நேரம்? எந்தத் தெரு? கையில் என்ன? வயிற்றில் என்ன?

கும்பல் கொலைகள் இருந்தன, மறுப்பாரில்லை. ஆனால் பிணங்கள் குவிந்தது வார இறுதி இரவுகளில், விடுமுறைகளில், சம்பளம் கைக்கு வந்த நாட்களில்! மாண்டவர் பலர் குடித்திருந்தனர். பெரும்பாலோர் உடலில் துப்பாக்கிக் குண்டு. மிகுதியும் இளைஞர், ஏழைகளின் பேட்டைகளிலிருந்து வந்தவர்கள். ஆறு நாள் உழைத்தவனின் கூலி மதுக்கடைக் கல்லாவில். அவன் பிணம் தெருவில்!

மதுக்கடைகளை நள்ளிரவு கடந்ததும் மூடச் சொன்னார். சம்பள வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் துப்பாக்கியுடன் வெளியே நடமாடத் தடை.

"குற்றவாளி தடையை மதிப்பானா?" என்று கேட்டனர் அறிவாளிகள். மதிக்கமாட்டான்! கூலிக்குக் கொல்பவனுக்காகவா அந்தத் தடை? இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு குடிக்க உட்கார்ந்து, பழைய பகை பேசி எழுபவனுக்காக. துப்பாக்கி வீட்டிலிருந்தால் தகராறு கைகலப்போடு போகும். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வருவான், வருவானல்லவா!

தடையிருந்த நாட்களையும் இல்லாத நாட்களையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தனர். தடை நாட்களில் கொலை விகிதம் 14 விழுக்காடு குறைவு. தலைநகர் பொகோட்டாவிலும் அதே சோதனை. 13 விழுக்காடு குறைவு. இவ்வளவுதானா என்று உதடு பிதுக்குவோர், பிழைத்தவனின் தாயிடம் போய்ச் சொல்லட்டும்!

1996-இல் உலக சுகாதாரப் பேரவை, வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் எளிது. காலியில் மேயர்கள் மாறினர். தடைகள் வந்தன, தளர்ந்தன. 2012-இல் குரேரோ மீண்டும் மேயரானபோது, அந்நகரில் கொலைகள் அப்போதும் மிகுந்தே இருந்தன.