தமிழ்த்தாய் வாழ்த்தும் அடிநீக்க வாதமும்

2024 அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலைய விழாவொன்றில், தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' என்னும் சொல் அமைந்த அடி பாடப்பெறாது விடுபட்டது. நிலையம் வருத்தம் தெரிவித்தது. அது நிற்க. 1970இல் தமிழக அரசே ஐந்து அடிகளை விட்டுத்தானே இப்பாடலை ஏற்றது, ஓரடி விடுபட்டதில் குறை என்ன என்று பின்னர் எழுந்த வாதமே ஆராயத்தக்கது.

இது பாடலின் அணியமைதியை நோக்காதார் கூற்று. நிலமடந்தையின் நெற்றியாகத் தெக்கணத்தையும், அந்நெற்றியில் இட்ட திலகமாகத் திராவிட நாட்டையும் சுந்தரம் பிள்ளை நிரல்நிறையாக வைத்தார். தமிழின் புகழோ அத்திலகத்தின் மணம். நாடுகளைச் சுட்டும் அடியை அகற்றினால் நெற்றி எது, திலகம் எது, மணம் எதனுடையது? உருவகம் முழுவதும் சரிகிறது. 1970இல் விடப்பட்டவை அத்தகையன அல்ல. அவையின்றியும் வாழ்த்து தொடராக நிற்கிறது. மேலும், அது வெளிப்படையாகச் செய்யப்பட்ட தெரிவு.

'திராவிட' என்பது கட்சிச்சொல் என்பாரும் உளர். மனோன்மணீயம் வெளிவந்தது 1891இல். திராவிடர் கழகம் பெயர்பெற்றது 1944இல். ஆலப்புழையிற் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் எக்கட்சிக்காக எழுதினார்? கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856லேயே அச்சொல்லை ஆய்வுலகில் நிலைநிறுத்திவிட்டது.

மறுபுறம், விடுபட்ட அடிகளையும் சேர்த்தே பாடவேண்டும் என்போர் வாதமும் ஏற்கத்தக்கதன்று. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழின் வயிற்றில் உதித்தன என்பது கவிஞர் கூற்று. ஒப்பியல் மொழியியல் அம்மொழிகளையும் தமிழையும் தொல்திராவிடத்தின் கிளைகளாகவே கொள்ளும். 2021 டிசம்பர் 17 அன்று இது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடப்பெறும்போது, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக, அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும். அம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தமிழகத்தில் வாழ்கின்றனர். தம் மொழியைச் சேய்மொழி என்னும் பாடலுக்கு அவர்களை எழுந்து நிற்கச் செய்வதில் தமிழுக்கு வரும் பெருமை யாது?

எனினும் இழப்பு இல்லை எனல் பொய். உலகங்களைப் படைத்தும் அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளோடு தமிழை ஒப்பிட்ட உவமை அவ்வடிகளோடு போயிற்று. தத்துவப் பேராசிரியரின் கையொப்பமே அது. மொழியின் இளமைக்கு அவர் காட்டிய காரணமும் அதிலேயே உள்ளது. அஃதின்றி 'இளமை' வெறும் புகழ்ச்சியாகிவிடுகிறது. அதனை மேடையில் மீட்க இயலாது. வகுப்பறையில் இயலும், அதிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் உள்ள தமிழ்த்துறைகளில் சிறப்பாக இயலும். அங்கு அவ்வடிகளைப் படிக்கும் மாணவருட் பலர் அவற்றிற் பெயர் சுட்டப்பெற்ற மொழிகளைப் பேசுவோரே.